தண்ணீர் பட்ட இரும்பு

அந்தப் பட்டறைக்குள் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மாஸ்டர், அக்கா இருக்காங்களா?"

மாஸ்டர் இருபத்தாறு வருஷமாக வெல்டிங் வைக்கிறவர். பட்டறை அவருடையது, மிஷின் அவருடையது, வீட்டின் முன்பக்கத்தை இடித்துத் தகரக் கூரை போட்டதும் அவர்தான். அக்கா என்பது அவருடைய மனைவி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாஸ்டர் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டில் இரண்டு மாதம் மாவுக்கட்டுடன் இருந்தார். வந்த வேலை திரும்பிப் போகக் கூடாதே என்று, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் வெல்டிங் குச்சி மாட்டுகிற ஹோல்டரைப் பிடித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் துணி தைத்துக்கொண்டிருந்தவள், கை நடுங்காது. அவள் வைத்த வெல்டிங், தையல் மிஷினில் அடித்த தையல் மாதிரி ஒரே சீராக ஓடியது. மாஸ்டரின் மணிக்கட்டு கூடியது, கட்டும் அவிழ்ந்தது. ஹோல்டர் மட்டும் முழுசாக அவர் கைக்குத் திரும்பி வரவில்லை.

மாஸ்டர் வைத்த வெல்டிங்கும் நிற்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் வேலையை வாங்கிக்கொண்டு போகிறவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போவான். அவள் வேலையை வாங்குகிறவன் ஒரு நிமிஷம் நின்று விரலால் தடவிப் பார்ப்பான். அந்தத் தடவலைக் கண்டால் மாஸ்டருக்கு வயிறு எரியும். அடுத்த தெருப் பட்டறைக்காரன் மேல் பொறாமை என்றால் டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லித் திட்டித் தீர்க்கலாம். ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு பெண்டாட்டி மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொல்ல ஆளில்லாத பொறாமை உள்ளேயே கிடந்து புளித்தது.

பண்ணைக்காரர் உடைந்த சட்டத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று அவள் ஊரில் இல்லை. அவளுடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன், துணைக்குப் போயிருந்தாள். மறுநாள் மத்தியானப் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"மாஸ்டர், அக்கா இருக்காங்களா?"

"இல்ல. என்ன வேலை?"

பண்ணைக்காரர் முப்பது மாட்டுக்காரர். காய்ந்த புல்லை ஆள் நெஞ்சு உயரத்துக்கு உருளை உருளையாகச் சுற்றி வயலில் போட்டுவிடுவார்கள். ஒரு உருளை முந்நூறு கிலோவுக்குக் குறையாது. டிராக்டருக்கு முன்னால் மேலே தூக்குகிற இரண்டு இரும்புக் கைகளில் ஒரு சட்டத்தை மாட்டி, சட்டத்தின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குத்தூசியால் உருளையைக் குத்தித் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டகையில் அடுக்குவார்கள். அந்தச் சட்டம்தான் உடைந்திருந்தது. ஊசியைத் தாங்குகிற சாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் சதுரக் குழாய் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. சாக்கெட்டும் தேய்ந்துபோய், ஊசியைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது.

"ஊசி ஆடுது மாஸ்டர். அது ஆடி ஆடித்தான் குழாய் கிழிஞ்சிருக்கு. எழுபது உருளை வயல்ல கெடக்கு. மழை நாளன்னைக்குத்தான்னு சொல்றாங்க."

"வச்சிட்டுப் போங்க. பாத்துக்கறேன்."

பண்ணைக்காரர் போகவில்லை. தலையைச் சொறிந்தார். "இல்ல, அக்கா நாளைக்கு மத்தியானம் வந்துருவாங்கல்ல? ஒண்ணும் அவசரமில்ல. நீங்க இன்னைக்குப் பழசை அறுத்து, துரு கிரு எல்லாம் தேச்சு ரெடி பண்ணி வச்சிட்டீங்கன்னா, அக்கா வந்ததும் அவங்க கையால நாலு இழுப்பு இழுத்துரட்டும். மேல தூக்குற வேலை பாருங்க. என் வீட்டுக்காரிதான் கீழ நின்னு வழி காட்டுவா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கடையில் நல்ல அரிசியாகப் பார்த்துக் கொடு என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். மாஸ்டருக்கு அது செருப்பால் அடித்ததுபோல இருந்தது. இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் துரு தேய்த்து வைக்க வேண்டுமாம், அவள் வந்து இழுப்பாளாம்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து எடுத்துக்கங்க" என்றார் மாஸ்டர்.

"அக்கா மத்தியானம்தானே..."

"பதினோரு மணிக்கு வாங்கன்னு சொன்னேன்."

அன்று மத்தியானமே மிஷினைப் போட்டார். ஒன்று சொல்ல வேண்டும், குழாய் வேலையை அவர் நன்றாகவே செய்தார். கிழிந்த இடத்தைச் சதுரமாக அறுத்து எடுத்தார். உள்ளே ஒரு துண்டுக் குழாயைச் செருகி, மேலே தகடு மூடி, மூலைக்கு மூலை முக்கோணத் தட்டு வைத்தார். வேர்வை கண்ணில் இறங்கியது. வெளியே புழுதிக் காற்று அடித்துக் கூரைத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. ராத்திரிக்கு நாலு முட்டையை உடைத்து ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்தவர் பல்லைக்கூடச் சரியாகத் தேய்க்காமல் பட்டறைக்கு வந்தார்.

மிச்சம் இருந்தது ஊசி. தேய்ந்த சாக்கெட்டை எடுத்துவிட்டு லேத்தில் புதுசு கடைந்து வாங்கி வைக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகும். ஒரு நாள் ஆனால் அவள் வந்துவிடுவாள். வந்ததும் பையைக்கூட வைக்காமல் குனிந்து பார்ப்பாள், "கொஞ்சம் தள்ளுங்க" என்பாள், அவ்வளவுதான். நேற்றைய பாடெல்லாம் அவள் கணக்கில் போய்ச் சேரும்.

மாஸ்டர் ஊசியைச் சாக்கெட்டுக்குள் இறுக்கித் தள்ளி, வாயைச் சுற்றி வெல்டிங் வைத்துவிட்டார்.

வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஊசிக் கம்பி கம்பிக்கடையில் வாங்குகிற சாதா இரும்பல்ல. சூடேற்றிப் பதம் பார்த்துச் செய்தது. வளையும், நிமிரும், உடையாது. அதில் நெருப்பு வைத்தால் பதம் கெட்டுவிடும். அதனால்தான் அதைப் பின்னால் நட்டுப் போட்டு மாட்டுகிறார்கள். ஆனால் இப்போது ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. ஆட்டம் என்றுதானே சொன்னான், இனி ஆடுகிறதா பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மணி பத்தே முக்கால். இரும்பு இன்னும் செக்கச்செவேலென்று இருந்தது. தானாக ஆற ஒரு மணி நேரமாவது வேண்டும், தண்ணீரில் ஆற்றினால் கண்ணாடிபோல முறியும். வாசலில் டெம்போ சத்தம் கேட்டது. பஸ் பன்னிரண்டுக்கு. மாஸ்டர் ஒரு விநாடி நின்றார். பிறகு மூலையிலிருந்த வாளியைத் தூக்கி அப்படியே ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பிக் கூரை வரை போனது.

பண்ணைக்காரர் உள்ளே வந்தபோது இரும்பு கறுத்து, கை வைக்கிற சூட்டில் இருந்தது. ஊசியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "அசையவே இல்லையே மாஸ்டர்."

"அசையாது."

தலையாட்டினார், ஏற்றிக்கொண்டு போனார். தடவிப் பார்க்கவில்லை.

அவள் பன்னிரண்டரைக்கு வந்தாள். பையை வைத்தாள், தண்ணீர் குடித்தாள், அக்காவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, இனி சொட்டு மருந்து மட்டும்தான் என்றாள். கண் அதற்குள் பட்டறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.

"என்ன வேலை வந்துச்சு?"

"பண்ணைக்காரரோட சட்டம். முடிச்சுக் குடுத்துட்டேன்."

"ஊசிச் சட்டமா? சாக்கெட்டுக்கு லேத்துக்குப் போனீங்களா?"

"அதெல்லாம் வேண்டியிருக்கல."

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். சிமெண்டில் ஈரம் இன்னும் காயவில்லை. ஈரத்தின் ஓரத்தில் கறுப்புத் தூள் ஒதுங்கியிருந்தது. வாளி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"கை கழுவினேன்."

"ஒரு வாளித் தண்ணியிலயா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார் மாஸ்டர். "ஆமா, கை அழுக்கா இருந்துச்சு. ஏன், எனக்கு வெல்டிங் தெரியாதா? உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். வந்ததும் வராததுமா விசாரணை. நீ இல்லாம ஒரு வேலை நடந்துட்டா உனக்குப் பொறுக்கலையா?"

"எனக்கா பொறுக்கல?" என்றாள் அவள். "ஊசியில நெருப்பு வச்சீங்களான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் கையுறையைத் தேடினார். கையுறை அவர் கையில்தான் இருந்தது. அவள் போனை எடுத்து இரண்டு தடவை யாருக்கோ அடித்தாள். எடுக்கவில்லை போலிருக்கிறது. வெங்காயம் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. வெங்காயம் ஒரு கிலோ இருந்தது. சமைத்தாள், பரிமாறினாள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் கத்தியிருந்தால் மாஸ்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பேசாமல் இருந்ததுதான் குடைந்தது. மூன்று மணிக்குக் காற்று நின்று வடக்கே வானம் கறுத்தது. நாளன்னைக்கு என்ற மழை இன்றைக்கே வந்துவிடும் போலிருந்தது. இந்நேரம் பண்ணைக்காரர் அவசர அவசரமாக அடுக்கிக்கொண்டிருப்பார், அவர் மனைவி கீழே நின்று கையை ஆட்டிக்கொண்டிருப்பாள். ஏதாவது ஆகியிருந்தால் போன் வந்திருக்குமே என்று மாஸ்டர் தன்னைச் சமாதானப்படுத்தினார். அதோடு இன்னொரு நினைப்பும் கூடவே ஓடியது. எழுபது உருளையையும் தூக்கி முடித்து, "மாஸ்டர் வேலைன்னா வேலைதான்" என்று அந்த ஆள் சொல்வதை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும். பயத்தில் போனாரா ஆசையில் போனாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பண்ணையில் டிராக்டர் நிறுத்தியிருந்தது. குத்தூசி வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரரும் அவர் மனைவியும் இரண்டு கூலியாட்களும் ஒரு உருளையைக் கையால் தள்ளி, பலகை போட்டு உருட்டிக் கொட்டகைக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் தலையிலிருந்து கால் வரை புல் தூசி. வயலில் இன்னும் ஐம்பதுக்குக் குறையாமல் கிடந்தன.

"என்ன, மிஷின் நிக்குது?" என்றார் மாஸ்டர்.

பண்ணைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "அக்கா சொல்லலையா உங்ககிட்ட? மத்தியானமே வந்துட்டுப் போனாங்களே. மூணாவது உருளை தூக்கிட்டு இருக்கேன், ஓடி வந்து கையைக் காட்டி நிறுத்தினாங்க. நேத்து ராத்திரியே ஊருல இருந்து வந்துட்டாங்களாமே? ஊசியை நான்தான் வச்சேன், அவசரத்துல பதம் பாக்காம வச்சிட்டேன், அவருக்குத் தெரியாது, நான் மாத்தித் தர்ற வரைக்கும் தூக்காதீங்கன்னாங்க."

மாஸ்டர் டிராக்டரைப் பார்த்தார்.

"உங்க வேலை எல்லாம் பக்காவாம். குழாயைத் தட்டிப் பாத்துட்டு, இதெல்லாம் அவர் வச்சது, இது பத்து வருஷம் நிக்கும்னாங்க."

பண்ணைக்காரரின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அக்கா கையும் தப்புமான்னு எனக்கு ஒரே ஆச்சரியம். அவங்களே சொன்னப்புறம் என்ன பண்றது? மழை வேற வருது."

"அவ்வளவு மோசமா இருக்காது. ஒரு சுத்தியல் குடுங்க" என்றார் மாஸ்டர்.

பெரிய சம்மட்டி வந்தது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஊசியின் நடுவில் ஓங்கி அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடிக்கும் ஆகவில்லை. பார்த்தாயா என்று நினைத்துக்கொண்டே மூன்றாவதை அடித்தார். டக்கென்று ஒரு சத்தம். ஊசி வெல்டிங் ஓரத்தில் துண்டாகி, உருண்டு போய்க் கொட்டகைத் தூணில் முட்டி நின்றது. முறிந்த முகம் சர்க்கரையைக் கொட்டியதுபோல மணி மணியாகப் பளபளத்தது.

"ஐயோ அக்கா" என்று அங்கே இல்லாதவளைக் கூப்பிட்டாள் பண்ணைக்காரரின் மனைவி. "இப்படியா வச்சீங்க? நான் இதுக்குக் கீழதானே நின்னேன்."

"எப்பேர்ப்பட்டவங்களுக்கும் ஒரு நாள் சறுக்கத்தான் செய்யும்" என்றார் பண்ணைக்காரர். "இனிமே மேல தூக்குற வேலைன்னா மாஸ்டரையே வைக்கச் சொல்லணும் போல."

பதினோரு வருஷமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. மாஸ்டருக்கு இனித்தது. அந்த நேரத்தில் இனித்ததற்கு அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, நாக்கில் பட்டால் இனிக்கத்தான் செய்யும். அவள் பேர் இறங்கியது, அவர் பேர் ஏறியது. அவர் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

கூலியாள் ஒருவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மாஸ்டர் குடித்தார். குடித்து முடிக்கிறவரை சும்மாதான் இருந்தார். பண்ணைக்காரரின் மனைவி இன்னும் அந்த முறிந்த முகத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அது அவ வச்சது இல்ல" என்றார் மாஸ்டர். "நான் வச்சது. தண்ணி ஊத்தி ஆத்தினதும் நான்தான். அவ பன்னண்டரைக்குத்தான் பஸ்ஸை விட்டே இறங்கினா."

பண்ணைக்காரர் செருப்பால் மண்ணைக் கிளறினார்.

"தெரியும் மாஸ்டர்."

"தெரியுமா? எப்படி?"

"அவங்க வச்சிருந்தா அவங்க ஏன் ஓடி வரணும்? ஒழுங்கா இருந்திருக்குமே." சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று முகம் சுருங்கினார். "கோவிச்சுக்காதீங்க. அவங்க அப்படிச் சொன்னப்புறம் நாங்க வேற மாதிரி பேசினா நல்லா இருக்காதேன்னுதான்."

வெல்டிங்கில் ஆனா ஆவன்னாகூடத் தெரியாது அந்த மனுஷனுக்கு. மாடு கறக்கிறவர். மாஸ்டர் சட்டத்தைக் கழற்றி டெம்போவில் ஏற்ற ஒரு கை கொடுத்தார். போன வருஷம் வளைந்துபோனதென்று கழற்றிப் போட்ட பழைய ஊசி ஒன்று கொட்டகையில் கிடந்தது. நிமிர்த்தினால் போதும், பதம் கெடவில்லை. அதையும் ஏற்றினார்கள். வழியில் லேத்துக் கடையில் நிறுத்தி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மற்ற வேலையை ஒதுக்கிவைக்கச் சொல்லி ஒரு சாக்கெட் கடைந்து வாங்கினார்.

வீட்டு வாசலில் டெம்போ நின்றபோது மணி ஐந்தரை. அவள் வந்து பார்த்தாள். முறிந்த துண்டைப் பார்த்தாள், பண்ணைக்காரர் முகத்தைப் பார்த்தாள், மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"எதுக்குச் சொன்னீங்க? நான் ஒண்ணு சொல்லிட்டு வந்தா நீங்க போய் வேற ஒண்ணு சொல்லிட்டு வர்றீங்க. இப்ப நான் பொய்க்காரி."

"நீ எதுக்குடி உன் தலையில போட்டுக்கிட்டே? உன்னை யாரு கேட்டா?"

"பின்ன என்ன பண்றது? ஊசியில நெருப்பு வச்சுத் தண்ணி ஊத்தினவர்னு பேரு வந்தா அப்புறம் இந்த வாசல்ல யாரு வண்டி நிறுத்துவா? உங்க பேரு போனா போனதுதான்." அவள் முகமூடியை எடுத்துத் துடைத்தாள். "என் பேரு போனா நாலு வேலையில திரும்ப எடுத்துக்குவேன்."

அவள் பெருமையாகச் சொல்லவில்லை. மாவு இருக்கிறது, உப்பு வாங்க வேண்டும் என்கிற குரலில் சொன்னாள். உள்ளதைத்தான் சொன்னாள். மாஸ்டருக்கு அன்று பட்ட அடிகளில் இதுதான் சரியாக எலும்பில் விழுந்தது. பண்ணைக்காரர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவினார்.

வேலை நடந்தது. சட்டத்தில் ஒட்டியிருந்த ஊசிக் கட்டையையும் பழைய சாக்கெட்டையும் மாஸ்டர் அறுத்து எடுத்து, பழைய ஊசியைச் சூடு காட்டாமல் நிமிர்த்தி வைத்தார். புதுச் சாக்கெட்டை அவள் வைத்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்து, எதிர்ப்பக்கம் கொஞ்சம் இழுத்து, சூடு ஒரே இடத்தில் ஏறாமல் மாற்றி மாற்றி வைத்தாள். மாஸ்டர் இரண்டு கையாலும் சட்டத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி வழியாக அந்தச் சின்ன வெளிச்சம் நகர்வதைப் பார்த்தார். அது நிற்கவில்லை, தாவவில்லை, போகிற இடம் தெரிந்ததுபோலப் போனது. எரிச்சல் அடங்கிவிட்டிருக்கும் என்று நினைத்திருந்தார். அடங்கவில்லை. காலையில் இருந்த அதே எரிச்சல் அதே இடத்தில் இருந்தது.

"இது தானா ஆறட்டும். சாக்கெட்டுக்குக் கீழ தாங்கல் தட்டு ரெண்டும் நீங்க வைங்க" என்று எழுந்தாள்.

வைத்தார். அவள் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூரையில் முதல் தூறல் விழுந்தது. வைத்து முடித்ததும் அவள் வெல்டிங் மேல் படிந்த கசடைத் தட்டி உதிர்த்துவிட்டு, லைட்டைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு இழுப்பாகப் பார்த்தாள்.

"வலது பக்கம் சரி." இடது பக்கத்தில் நகத்தை வைத்தாள். "இங்க உள்ள இறங்கல. மேலாப்ல உக்காந்திருக்கு."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். இறங்கவில்லைதான். இதே வார்த்தையை வேறு எவன் சொல்லியிருந்தாலும் ஹோல்டரை வீசிவிட்டுப் போயிருப்பார். இவள் சொன்னால் அதைவிட அதிகமாக வலித்தது. வாய் வரை ஒரு பதில் வந்தது. மூன்றாவது அடியில் கேட்ட சத்தம் காதிலேயே இருந்தது.

கிரைண்டரை எடுத்துத் தன் வெல்டிங்கைத் தானே அரைத்து எடுத்தார். வயிறு எரிந்தது. எரியட்டும் என்று அரைத்தார். வெறும் இரும்பு தெரியும் வரை அரைத்துவிட்டு, மிஷினில் கரண்டைக் கொஞ்சம் ஏற்றி, மறுபடி முதலிலிருந்து மெதுவாக வைத்துக்கொண்டு வந்தார். முடித்து, கசடைத் தட்டி, சட்டத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"இப்ப?"

அவள் லைட்டைப் பிடித்தாள். அவர் நின்றார். இருபத்தாறு வருஷத்தில் யார் முன்னாலும் அப்படி நின்றதில்லை. சீக்கிரம் சொல்லித் தொலையேன் என்று ஆத்திரமாக வந்தது.

"இப்ப சரி" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தை அவருக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததுதான் அவரால் பொறுக்க முடியாமல் இருந்தது. முகமூடியைக் கழற்றாமலே வாசலுக்குப் போய், டெம்போவின் பின்கதவைத் திறந்துவிட்டு, பண்ணைக்காரரைக் கூப்பிட்டார்.